முதல் சுற்றுக்கு அடுத்து ஏழாவது சுற்று: ஜே-லீக் 2011

ஜப்பானின் முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே-லீக்கின் 2011-ம் ஆண்டு ஆட்டங்களைத் தேதிவாரியாகப் பார்த்துக்கொண்டு போனால், தொடக்கத்திலேயே ஒரு விசித்திரம் கண்ணில் படும். முதல் சுற்று மார்ச் 5, 6 தேதிகளில் நடந்திருக்கிறது. அதற்கு அடுத்த ஆட்டங்கள் ஏப்ரல் 23, 24-ல். அவற்றுக்கு மேலே 'ஏழாவது சுற்று' என்று போட்டிருக்கும். நடுவில் இருக்கவேண்டிய ஐந்து சுற்றுகளைக் காணோம்.

இரண்டாவது சுற்றுக்குக் குறித்திருந்த நாள்கள் மார்ச் 12, 13. அதற்கு முந்தைய நாள், மார்ச் 11 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46-க்கு, வடகிழக்கு ஜப்பானை ஒட்டிய கடலடியில் 9.0 அளவுக்கு நிலம் அதிர்ந்தது. பின்னாலேயே சுனாமி கரையேறியது. சுமார் 15,900 பேர் இறந்தார்கள். 2,500-க்கும் மேற்பட்டவர்களை இன்றுவரை காணவில்லை. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. 2004 டிசம்பரைக் கண்ட நம் கடற்கரை ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த ஆண்டு லீக் எப்படி நின்றது, எப்படி மறுபடி ஓடியது, கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். சாம்பியன் யார் என்று மட்டும் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: காஷிவா ரெய்சோல். ஆனால் புள்ளிப்பட்டியலின் முதல் வரியோடு நான்காவது வரியையும் சேர்த்துப் படித்தால்தான் 2011 விளங்கும் என்பது என் எண்ணம். அதற்கு முன் லீக்கின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அப்போது முதல் பிரிவில் 18 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் மற்ற 17 கிளப்புகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் மைதானத்தில் ஒருமுறை என இரண்டு தடவை மோதும். ஆக ஒரு கிளப்புக்கு 34 ஆட்டம், லீக் முழுக்க 306 ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. கடைசி மூன்று இடங்களில் இருப்பவை இரண்டாம் பிரிவுக்கு இறங்கும், அங்கே முதல் மூன்று இடம் பிடிப்பவை மேலே ஏறும். அரையிறுதி, இறுதி ஆட்டம் என்று எதுவும் கிடையாது. 34 ஆட்டம் முடிந்ததும் யாரிடம் புள்ளி அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. பருவம் மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஐரோப்பாவில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிப்பார்கள். ஜப்பானின் மேற்குக் கடலோரத்திலும் வடக்கிலும் குளிர்காலத்தில் பனி ஆளுயரத்துக்குக் கொட்டும் என்பதால் நாள்காட்டியை இப்படி வைத்திருந்தார்கள். 2026 ஆகஸ்ட் முதல் ஐரோப்பிய முறைக்கு மாறுவது, நடுவில் நீண்ட குளிர்கால இடைவெளி விடுவது என்று பின்னாளில் முடிவெடுத்தார்கள். அது தனிக் கதை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் பூகம்பம் தாக்கிய வடகிழக்கின் செண்டாய் நகரம் அந்த ஆண்டு ஏன் ஒரு கால்பந்து அணியை அப்படிப் பற்றிக்கொண்டது என்று புரியாது. 1965-ல் ஜப்பானில் தொடங்கிய முதல் தேசிய லீக் கம்பெனிகளின் லீக். ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, ஃபுருகாவா மின்நிறுவனம் என்று கம்பெனி அணிகள்தான் ஆடின. ஆட்டக்காரர்கள் அந்தக் கம்பெனி ஊழியர்கள், பார்க்க வந்தவர்களிலும் பெரும்பாலோர் ஊழியர்கள். 1993-ல் பத்துக் கிளப்புகளோடு ஜே-லீக் தொடங்கியபோது அதன் தலைவர் சபுரோ கவாபுச்சி ஒரு விதியில் பிடிவாதமாக நின்றார்: கிளப்பின் பெயரில் கம்பெனி இருக்கக் கூடாது, ஊர் இருக்க வேண்டும். பணம் போட்ட பெரிய முதலாளிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே மோதினார்கள். கவாபுச்சி விடவில்லை. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு சொந்த ஊர், அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, உள்ளூர் நகராட்சியோடு கூட்டு என்று வேர்விடச் சொன்னார்.

அந்த விதியில் பிறந்தவைதான் நம் கதையின் இரண்டு கிளப்புகளும். ஹிட்டாச்சி கம்பெனி அணி, தோக்கியோவுக்கு வடகிழக்கே இருக்கும் காஷிவா நகரத்தின் 'ரெய்சோல்' ஆனது. தோஹோகு மின்வாரிய நிறுவனத்தின் அணி, மியாகி மாநிலத் தலைநகரான செண்டாயின் 'வெகால்டா' ஆனது. பெயர் மாறி ஒன்றரை தலைமுறை போவதற்குள் அந்த ஊர்களுக்கு இவை அயல் சொத்தாக இல்லாமல் போய்விட்டன. கம்பெனி அணியாகவே இருந்திருந்தால், ஊர் இடிந்து கிடந்த நேரத்தில் யார் அதன் வெற்றியைத் தம் வெற்றியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

பூகம்பத்துக்குப் பிறகு மார்ச் மாத ஆட்டங்கள் அத்தனையும் நிறுத்தப்பட்டன. நிறுத்துவதில் எந்த விவாதமும் இல்லை. எப்போது தொடங்குவது என்பதில்தான் சிக்கல். செண்டாயின் யூர்டெக் மைதானம் சேதமடைந்திருந்தது. இபராகி மாநிலத்தில் காஷிமா ஆன்ட்லர்ஸின் மைதானமும் அடிவாங்கியிருந்தது. அவர்கள் மறுதொடக்கத்தில் தோக்கியோ தேசிய மைதானத்தைத்தான் சொந்த மைதானமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாட்டின் கிழக்குப் பாதியில் மின்சாரத் தட்டுப்பாடு. இரவில் விளக்குக் கம்பங்களை எரியவிட்டு விளையாடுவது சரியாக இருக்காது என்று, தொடக்கத்தில் ஆட்டங்களைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 23 என்று நாள் குறித்த பிறகும், ஏப்ரல் 7 இரவு மியாகியை இன்னொரு பெரிய அதிர்ச்சி உலுக்கியது. ஒட்டிவைத்ததெல்லாம் மறுபடி விழுந்த இடங்கள் உண்டு.

இடையில் ஒரு நிதி திரட்டும் ஆட்டம் நடந்தது. மார்ச் 29, ஒசாகாவின் நகாய் மைதானம். ஒரு பக்கம் ஜனவரியில்தான் ஆசியக் கோப்பையை வென்று வந்திருந்த ஜப்பான் தேசிய அணி. இன்னொரு பக்கம் ஜே-லீக் கிளப்புகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணி, அதற்குப் பயிற்சியாளர் நகோயாவின் டிராகன் ஸ்டோய்கோவிச். எண்டோவின் ஃப்ரீ கிக்கும் ஒகசாகியின் கோலும் தேசிய அணிக்கு 2-0 தந்தன. 82-வது நிமிடத்தில் நடந்ததைத்தான் ஜப்பான் நினைவில் வைத்திருக்கிறது. காஸுயோஷி மியூரா, நாடே 'காஸு' என்று அழைக்கும் முன்கள வீரர், 1993-ல் ஜே-லீக்கின் முதல் சிறந்த வீரர் விருது வாங்கியவர். 2011-ல் அவருக்கு வயது 44, இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த நீண்ட பந்தைச் சக வீரர் துலியோ தலையால் தட்டிவிட, காஸு தற்காப்பைத் தாண்டி ஓடி வலைக்குள் அடித்தார். அடித்துவிட்டு இருபது வருடமாக அவருக்கே உரிய அந்த நடனத்தையும் ஆடினார். கொண்டாடலாமா கூடாதா என்று ஒரு நாடே தயங்கி நின்ற வாரங்கள் அவை. கொண்டாடலாம் என்று காட்டியவர் அவர் என்றே நான் நினைக்கிறேன்.

செண்டாய்க்கு வருவோம். கோல் கணக்கில் பெரிய பெயர் எடுத்த கிளப் இல்லை இது. 2002-ல் முதல் பிரிவுக்கு வந்து அடுத்த ஆண்டே இறங்கி, ஆறு வருடம் கீழே கிடந்து, 2010-ல்தான் மறுபடி ஏறியது. அந்த ஆண்டு 14-வது இடம். மகோதோ தெகுராமோரி என்ற பயிற்சியாளர், கட்டுக்கோப்பான தற்காப்பு, குறைந்த பட்ஜெட். 2011-க்காக அவர்கள் பெரிதும் நம்பி எடுத்த ஆள் பிரேசிலின் மார்கினியோஸ். காஷிமாவுக்காக ஆடி 2008-ல் லீக்கின் அதிக கோல் அடித்தவராகவும் சிறந்த வீரராகவும் வந்தவர். செண்டாய்க்கு முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், ஹிரோஷிமாவில், 0-0. பூகம்பத்துக்குப் பிறகு அவர் நாடு திரும்பிவிட்டார். குடும்பத்தோடு அந்நிய நாட்டில் இருந்தவர் எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அணிக்கு அது பெரிய இழப்பு.

மிச்சமிருந்தவர்கள் செண்டாயில் பயிற்சி செய்ய வழியில்லாமல் சிபா மாநிலத்தின் இசிஹாரா நகருக்குப் போய் முகாம் போட்டார்கள். பேரழிவில் சிக்கிய மக்களுக்கு நம்பிக்கையின் வெளிச்சமாக இருப்போம் என்பதுதான் தெகுராமோரி தன் ஆட்டக்காரர்களிடம் அந்த ஆண்டு முழுக்கச் சொல்லிவந்தது. மேடைப் பேச்சாகவே போயிருக்கக்கூடிய வாசகம்தான். ஏப்ரல் 23 அதை மேடைப் பேச்சாக விடவில்லை.

அன்று கவசாகி நகரின் தொதொரோகி மைதானம். எதிரணி கவசாகி ஃப்ரான்டாலே, வலுவான அணி. மழை. முதல் பாதியில் கவசாகி ஒரு கோல் போட்டு முன்னால் போனது. செண்டாய் ஆட்டக்காரர்கள் ஏழு வாரமாக ஒரு போட்டி ஆட்டமும் ஆடவில்லை, உடல் அதற்கேற்பத் திணறியது. 73-வது நிமிடத்தில் யோஷியாகி ஓட்டா காலில் தசைப்பிடிப்போடு ஒரு பந்தை உதைத்தார். அது கவசாகி வீரர் ஒருவர் மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. 1-1. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது செண்டாய்க்கு ஒரு ஃப்ரீ கிக். பந்தின் முன் நின்றவர் லியாங் யோங்-கி, ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளிக்காரர், 2004 முதல் செண்டாயிலேயே ஆடிவந்தவர். அவர் வளைத்து அனுப்பிய பந்தைப் பின்கள வீரர் ஜிரோ கமாடா தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 2-1. விசில் அடித்ததும் தெகுராமோரி அழுதார், மறைக்கவும் முயலவில்லை. மழையில் நனைந்தபடி வந்திருந்த செண்டாய் ரசிகர்களும் அழுதார்கள்.

ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 29, செண்டாயிலேயே முதல் ஆட்டம். யூர்டெக் மைதானத்தை அதற்குள் சரிசெய்திருந்தார்கள். எதிரே உராவா ரெட்ஸ், நாட்டிலேயே மிகப்பெரிய ரசிகர் கூட்டம் கொண்ட கிளப். செண்டாய் 1-0. மறுபடியும் ஓட்டாவின் கோல். அதே நாளில்தான் தோஹோகு ஷின்கான்சென் ரயில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. அதே நாளில்தான் செண்டாயின் பேஸ்பால் அணியான ராகுட்டென் ஈகிள்ஸும் சொந்த மைதானத்துக்குத் திரும்பி ஜெயித்தது. ஒரு நகரத்துக்கு ரயிலும் பேஸ்பாலும் கால்பந்தும் ஒரே நாளில் திரும்பி வந்தன.

இது முதல் இரண்டு வார உணர்ச்சி வேகம், ஜூன் வந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அடங்கவில்லை. 34 ஆட்டம் முடிந்தபோது செண்டாய்க்கு 14 வெற்றி, 14 சமன், 6 தோல்வி, 56 புள்ளி, நான்காவது இடம். அடித்தது வெறும் 39 கோல். வாங்கியது 25, லீக்கிலேயே மிகக் குறைவு. கமாடாவும் கோல்கீப்பர் தகுதோ ஹயாஷியும் நின்ற பின்வரிசையை உடைப்பது அந்த ஆண்டு எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. உணர்ச்சி ஓர் ஆட்டத்தை ஜெயித்துத் தரலாம், 34 ஆட்டத்தில் 25 கோலோடு நிற்க ஒழுங்கு வேண்டும். செண்டாயின் 2011-ஐ வெறும் கண்ணீர்க் கதையாகச் சொல்வது அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஃபுகுஷிமா மாநிலத்துக் கால்பந்துக்கு நேர்ந்தது வேறு விதம். அங்கே, நராஹா, ஹிரோனோ என்ற இரண்டு சிற்றூர்களின் எல்லையில், 'ஜே-வில்லேஜ்' என்ற தேசியப் பயிற்சி மையம் 1997-ல் திறக்கப்பட்டது. பல புல்தரை மைதானங்கள், தங்குமிடம், எல்லாம் உண்டு. கட்டிக் கொடுத்தது தோக்கியோ மின்நிறுவனம், அதாவது ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய அதே நிறுவனம். 2002 உலகக் கோப்பையின்போது ஆர்ஜென்டினா அணி இங்கேதான் முகாமிட்டது. உருகிய உலைகளிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். விபத்துக்குப் பிறகு அந்த இடமே அணுமின் நிலையத்தைக் கட்டுப்படுத்தப் போன தொழிலாளர்களின் தளமாக மாறியது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு உலைகளுக்குப் போய், திரும்பி வந்து கழற்றினார்கள். புல்தரைகள் சரளைக்கல் கொட்டிய வண்டி நிறுத்தங்கள் ஆயின. அங்கே தங்கிப் படித்துவந்த இளம் ஆட்டக்காரர்களின் அகாடமி ஷிசுவோகா மாநிலத்தின் கோடெம்பாவுக்கு இடம்பெயர்ந்தது. தோக்கியோ மின்நிறுவனம் நடத்திய பெண்கள் அணியும் ஆட்டத்தை நிறுத்தியது. அதன் ஆட்டக்காரர்கள் பலரை அடுத்த ஆண்டு செண்டாய் கிளப் தன் பெண்கள் அணியாக ஏற்றுக்கொண்டது. 2011 ஜூலையில் ஜப்பான் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். காலிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலை அடித்த கரினா மருயாமா, முன்பு அந்த மின்நிறுவன அணியில் ஆடியவர்.

காணாமல்போன ஐந்து சுற்றுகளுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் லீக் நிர்வாகத்தின் உறுதி தெரிகிறது. ஆட்டங்களைக் குறைத்து, பாதிப் பருவமாக முடித்துவிடலாம் என்ற வழி திறந்தே இருந்தது. அவர்கள் 306 ஆட்டங்களையும் நடத்துவது என்று நின்றார்கள். இரண்டு முதல் ஆறு வரையிலான சுற்றுகளைக் கோடைக்குள் திணித்தார்கள். லீக் கோப்பையில் வழக்கமான குழுச் சுற்றை எடுத்துவிட்டு, தோற்றால் வெளியே என்ற முறைக்குச் சுருக்கினார்கள். அப்படியும் ஒரு மோதல் வந்தது. அந்த ஜூலையில் ஆர்ஜென்டினாவில் நடந்த கோப்பா அமெரிக்காவுக்கு ஜப்பானை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பினால் ஜூலையில் லீக் நடக்காது, ஐரோப்பாவில் ஆடுபவர்களை வைத்தே அணி அமைக்கலாமென்றால் அந்தக் கிளப்புகள் விட மறுத்தன. போகிறோம், போகவில்லை என்று இழுபறிக்குப் பிறகு ஜப்பான் விலகிக்கொண்டது, கோஸ்டா ரிகா போனது. மெஸ்ஸியின் நாட்டில் ஆடும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து உள்ளூர் லீக்கை முடித்தார்கள். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. பூகம்பம் கண்ட ஊர்களுக்கு வாரக் கடைசியில் தேவைப்பட்டது தங்கள் மைதானத்தில் தங்கள் அணி.

கோடை நடுவில் இன்னொரு அடி. யோகோஹாமா மரினோஸில் 16 வருடம் ஆடிய, 2002 உலகக் கோப்பையில் ஜப்பானின் பின்கள வீரராக இருந்த நவோகி மட்சுடா, அந்த ஆண்டு கீழ்நிலைக் கிளப்பான மட்சுமோதோ யமகாவுக்கு மாறியிருந்தார். ஆகஸ்ட் 2 காலைப் பயிற்சியில் சுருண்டு விழுந்தவர் இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 34. பயிற்சி மைதானத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கருவி எல்லா மைதானங்களிலும் இருக்கவேண்டும் என்ற பேச்சு ஜப்பானில் தீவிரமானது. மரினோஸ் அவருடைய 3-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது.

இப்போது சாம்பியன். காஷிவா ரெய்சோல் 2009 முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய கிளப். அந்தக் கோடையில் பொறுப்பேற்ற பிரேசில் பயிற்சியாளர் நெல்சினியோ பாட்டிஸ்டாவால் அதைத் தடுக்க முடியவில்லை. பல கிளப்புகளில் அந்த நேரத்தில் பயிற்சியாளரை மாற்றிவிடுவார்கள். காஷிவா அவரை வைத்துக்கொண்டது. 2010-ல் இரண்டாம் பிரிவை 36 ஆட்டங்களில் இரண்டே தோல்வியோடு வென்றார்கள். மேலே வந்த முதல் ஆண்டே முதல் பிரிவையும் வென்றார்கள். ஜே-லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாதது அது. அவர்களோடு 2010-ல் சேர்ந்து மேலே வந்த மற்ற இரண்டு கிளப்புகள் கோஃபுவும் ஃபுகுவோகாவும். அந்த இரண்டும் 2011 முடிவில் கீழே போய்விட்டன. ஒரே வாசல் வழியாக வந்த மூவரில் ஒருவர் அரியணையில், இருவர் வந்த வழியே திரும்பினார்கள். கோஃபுவின் மைக் ஹாவனார் 17 கோல் அடித்தும் அணியைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாவதாக இறங்கியது யமகதா, தோஹோகு பகுதியிலிருந்து முதல் பிரிவில் இருந்த இன்னொரு கிளப்.

காஷிவாவின் ஆட்டம் இரண்டு பிரேசில்காரர்களைச் சுற்றி நடந்தது. லியாண்ட்ரோ டொமிங்கேஸ் நடுகளத்தில் பந்தை வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று எதிரணிக்குத் தெரியாது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஜோர்ஜே வாக்னரின் இடதுகால் ஃப்ரீ கிக்குகளும் கார்னர்களும் தனி ஆயுதம். இவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பையன்கள். கேப்டன் ஹிதேகாசு ஓதானி பக்கத்து ஊரான நகரேயாமாவில் பிறந்து, காஷிவாவின் இளையோர் அணியில் வளர்ந்து, கடைசிவரை வேறு கிளப்புக்கே போகாதவர். வலது பின்களத்தில் 21 வயது ஹிரோகி சகாய், அதே இளையோர் அணித் தயாரிப்பு, அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர். அடுத்த ஆண்டே ஜெர்மனி போனார், பிறகு பிரான்ஸின் மார்செய். ஊரில் வேர்விடு என்ற 1993 விதியின் பலனைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பெயர்களைப் பார்த்தால் போதும்.

காஷிவாவும் பேரழிவுக்கு வெளியே இருந்த ஊர் இல்லை. காற்றும் மழையும் கொண்டுவந்த கதிரியக்கத் துகள்கள் அந்தப் பகுதியில் சுற்றுவட்டாரத்தைவிட அதிகமாகப் படிந்தன. பள்ளி மைதானங்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் வேலையில் பெற்றோர்கள் இறங்கிய ஆண்டு அது. அந்த ஊரில் வார இறுதி தோறும் ரெய்சோலின் மஞ்சள் சட்டைகள் நிறைந்தன. மைதானம் சிறியது, 16,000 பேர்கூட உட்கார முடியாது, ஆனால் பார்வையாளர் வரிசை புல்தரையை ஒட்டியே இருக்கும்.

டிசம்பர் 3, கடைசிச் சுற்று. காஷிவா 69 புள்ளி, நடப்புச் சாம்பியன் நகோயா 68, காம்பா ஒசாகா 67. மூன்று மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம். காஷிவா ஜெயித்தால் மற்றவர்கள் என்ன செய்தாலும் கோப்பை அவர்களுக்கு. சமன் செய்தால்கூட நகோயா தாண்டிவிடலாம். காஷிவாவின் எதிரணி உராவா, அதுவும் உராவாவின் சைதாமா மைதானத்தில், 54,441 பேர் முன்னால். வாக்னர் முதல் கோல். இளையோர் அணியிலிருந்து வந்த வதாரு ஹஷிமோதோ இரண்டாவது. உராவாவின் கஷிவாகி ஒன்றைத் திருப்பினார். வயிற்றில் புளியைக் கரைத்த அந்தக் கட்டத்தில் அகிமி பராடா மூன்றாவதைப் போட்டார். 3-1. நகோயாவும் ஜெயித்தது, காம்பாவும் ஜெயித்தது. யாரும் வழுக்கி விழவில்லை. 72, 71, 70 என்று மூன்று அணிகளும் அடுத்தடுத்த எண்களில் நின்றன.

கணக்கு பார்ப்பதில் விருப்பமுள்ளவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காஷிவா 23 வெற்றி, 3 சமன், 8 தோல்வி. நகோயா 21 வெற்றி, 8 சமன், 5 தோல்வி. காம்பா 21 வெற்றி, 7 சமன், 6 தோல்வி. மூவரில் அதிகம் தோற்றது சாம்பியன்தான். கால்பந்தில் பல நாடுகளில் 1990-களின் நடுப்பகுதி வரை வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்தார்கள். அந்தப் பழைய முறையில் கூட்டினால் காஷிவாவுக்கு 49, காம்பாவுக்கு 49, நகோயாவுக்கு 50. கோப்பை நகோயாவுக்குப் போயிருக்கும். வெற்றிக்கு 3 புள்ளி என்ற விதியின் நோக்கமே இதுதான்: சமனோடு திருப்திப்படாமல் ஜெயிக்கப் போ, அதற்காகச் சில ஆட்டங்கள் தோற்றாலும் பரவாயில்லை. நெல்சினியோவின் அணி அந்த விதிக்கு ஏற்ப ஆடியது. 34 ஆட்டத்தில் மூன்றே சமன் என்பது தற்செயலாக வருவதில்லை. நகோயாவின் ஜோஷுவா கென்னடி 19 கோலோடு லீக்கின் முதல் இடத்தைப் பிடித்தும், காம்பா 78 கோல் அடித்தும், ஓரிரு புள்ளியில் தவறவிட்டார்கள். காம்பா வாங்கிய 51 கோல்தான் அவர்களைக் கவிழ்த்தது.

காஷிவாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு கிளப் உலகக் கோப்பை ஜப்பானில். போட்டி நடத்தும் நாட்டின் சாம்பியனுக்கு இடம் உண்டு. ஐந்தாவது நாளே ஆக்லாந்து சிட்டியோடு களமிறங்கி 2-0 என்று வென்றார்கள். மெக்ஸிகோவின் மான்டெர்ரேயைப் பெனால்டியில் தாண்டினார்கள். அரையிறுதியில் நெய்மாரின் சான்டோஸிடம் 3-1 என்று தோற்றார்கள். காஷிவாவின் ஒரு கோல் சகாயின் தலையிலிருந்து வந்தது. 2009-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணி இரண்டு வருடத்தில் நின்ற இடம் அது.

செண்டாய் அடுத்த ஆண்டு இன்னும் மேலே ஏறி 2012-ல் இரண்டாவது இடம் பிடித்து, முதல்முறையாக ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடத் தகுதி பெற்றது. 2021 முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஜே-வில்லேஜின் சரளைக்கல்லை அகற்றி மறுபடி புல் விதைத்தார்கள். 2018-ல் ஒரு பகுதியும், 2019 ஏப்ரலில் முழுமையாகவும் திறந்தார்கள். தோக்கியோ ஒலிம்பிக் சுடர் ஓட்டம் 2021 மார்ச் 25 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது.

ஜே-லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. இப்போதைய ஆட்டங்களுக்குப் போவதற்கு முன், 2011 ஏப்ரல் 23 கவசாகி–செண்டாய் ஆட்டத்தின் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். கடைசி இருபது நிமிடம் போதும்.